200 ஜிபி வட்டுக்கு 74 ஜிபி பேக்கப்: ஒரு எல்விஎம் ஸ்நாப்ஷாட் ஸ்கிரிப்டின் நிகழ்வு ஆய்வு

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் பழைய சர்வரில் ஓடிக்கொண்டிருந்த ஐந்து மெய்நிகர் கணினிகளைப் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஓடும் வட்டுகளை நேரடியாகவே கடத்தியிருக்கலாம். ஆனால் இரவுதோறும் எடுத்துவந்த பேக்கப்பிலிருந்தே அவற்றைப் புதிய சர்வரில் எழுப்பிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. பேக்கப் மீள்கிறதா என்று சோதிக்க இதைவிடப் பாதுகாப்பான வாய்ப்பு கிடைக்காது. பழைய சர்வர் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. எது தவறினாலும் வியாபாரம் நிற்காது.

நான்கு கணினிகள் எழுந்தன. கணக்கு, சரக்கிருப்பு, பில் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் கணினி மட்டும் சிஸ்டம் வட்டிலிருந்து பூட் ஆகி, டேட்டா வட்டை மவுன்ட் செய்யும் இடத்தில் தடுக்கி, எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. ஜர்னலை, அதாவது கோப்பு முறை தன் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவை, காணவில்லை என்பது பிழைச் செய்தி. அந்த வட்டு 200 ஜிபி. பேக்கப் கோப்பை விரித்து எண்ணிப் பார்த்தால் 74 ஜிபிகூட முழுதாக இல்லை. இஎக்ஸ்டி4 கோப்பு முறையை உருவாக்கும்போது ஜர்னல் வழக்கமாக வட்டின் நடுவாக்கில் வைக்கப்படும். 100 ஜிபி பக்கத்தில் இருக்க வேண்டிய ஜர்னல், 74-லேயே நின்றுபோன இமேஜில் எப்படி இருக்கும்?

இந்த பேக்கப் பற்றி இரவுதோறும் ‘முடிந்தது’ என்று மெயில் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். எல்விஎம் என்பது வட்டிடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி; ஸ்நாப்ஷாட் என்பது ஒரு வால்யூமின் அந்தக் கணத்து நிலை. அப்படி ஸ்நாப்ஷாட் எடுத்து மெய்நிகர் வட்டை நகலெடுப்பது நல்ல முறை. தனி பேக்கப் மென்பொருள் வாங்க வசதியில்லாத இடங்களுக்கு ரொம்பவே ஏற்றது. இங்கே பழுதாக இருந்தது ஸ்கிரிப்ட் தன் வெற்றியை அறிவித்த விதம்.

இருந்த அமைப்பு

டெபியன் 12 ஓடும் ஒரே ஹோஸ்ட், அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வர். அவற்றை ஓட்ட கேவிஎம், அதை நிர்வகிக்க லிப்வர்ட். 2 டிபி எஸ்எஸ்டி இரண்டு, மென்பொருள் ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவு), அதன்மேல் எல்விஎம். ஒவ்வொரு கெஸ்ட் (மெய்நிகர் கணினி) வட்டும் ஒரு லாஜிக்கல் வால்யூம். இடையில் க்யூகவ்2 மாதிரி எந்தக் கோப்பு வடிவமும் இல்லை. கெஸ்ட் எழுதுவது அப்படியே வால்யூமில் போய் விழும். டேட்டாபேஸ் கணினிக்கு இரண்டு வட்டுகள்: சிஸ்டத்துக்கு 40 ஜிபி, டேட்டாவுக்கு 200 ஜிபி.

பழைய ஸ்கிரிப்ட் முப்பது வரிகூட இராது. இரவு 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அதைக் கிளப்பும். வால்யூம் பெயர்கள் கையால் எழுதிய பட்டியலாக உள்ளேயே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எல்விகிரியேட் மூலம் 5 ஜிபி அளவில் ஒரு ஸ்நாப்ஷாட், அதை டிடி படிக்கும், குழாய் வழியாக ஜிஜிப் சுருக்கும், நெட்வொர்க் வழியாக (என்எஃப்எஸ்) இணைத்த என்ஏஎஸ் சேமிப்புப் பெட்டியில் கோப்பு விழும், எல்விரிமூவ் ஸ்நாப்ஷாட்டை நீக்கும். அடுத்த வால்யூம். எல்லாம் முடிந்ததும் மெயில். டேட்டாபேஸ் கணினி பட்டியலில் முதலாவது.

74 ஜிபியில் ஏன் நின்றது

இதற்கு எல்விஎம்மின் பழைய பாணி ஸ்நாப்ஷாட் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்நாப்ஷாட் எடுக்கும் நொடியில் எதுவும் நகலாவதில்லை. அதனால்தான் 200 ஜிபி வட்டுக்கும் கண் இமைக்கும் நேரத்தில் ஸ்நாப்ஷாட் கிடைக்கிறது. அதற்கு அப்புறம் மூல வட்டின் ஒரு துண்டில் கெஸ்ட் முதல் தடவை எழுத வரும்போது, அங்கே இருந்த பழைய தரவை முதலில் ஸ்நாப்ஷாட்டுக்கென ஒதுக்கிய இடத்துக்கு நகர்த்திவிட்டு, பிறகே புதியதை எழுத விடும். துண்டின் அளவு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், 4 கேபி. அதே துண்டில் மறுபடி எத்தனை தடவை எழுதினாலும் கூடுதல் இடம் வேண்டாம். ஆக, நாம் ஒதுக்கும் 5 ஜிபி என்பது வட்டின் அளவோடு சம்பந்தப்பட்டதல்ல. ஸ்நாப்ஷாட் உயிரோடு இருக்கும் நேரத்தில் மூல வட்டில் எத்தனை வெவ்வேறு துண்டுகள் மாறுகின்றன என்பதே கணக்கு.

அந்த இடம் நிரம்பிவிட்டால் ஸ்நாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூல வட்டுக்கு ஒன்றும் ஆகாது, கெஸ்ட் எதையும் உணராது. ஸ்நாப்ஷாட்டைப் படிக்கப் போனால் மட்டும் உள்ளீட்டுப் பிழை வரும்.

சரி, இரவு 2 மணிக்கு ஒரு வியாபார நிறுவனத்தில் யார் 5 ஜிபி எழுதினார்கள்? டேட்டாபேஸ் கணினிக்குள் பார்த்தபோது விடை கிடைத்தது. டேட்டாபேஸைப் பராமரிப்பவர்கள் அவர்கள் பங்குக்கு, பொறுப்பாகவே, 2:30-க்கு ஒரு டம்ப் (டேட்டாபேஸின் உள்ளடக்கம் முழுவதும் ஒரே கோப்பாக) எடுத்து அதே டேட்டா வட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். டம்ப் கோப்பு சுமார் 9 ஜிபி. ஹோஸ்ட் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியாது, அவர்களுக்கு ஹோஸ்ட் ஸ்கிரிப்டின் நேரம் தெரியாது.

நேரங்களை வரிசையாக வைத்தால் படம் தெளிவாகிறது. ஒற்றை இழையில் ஓடும் ஜிஜிப்பின் வேகம் காரணமாக நகல் நொடிக்கு 60 எம்பி அளவில்தான் போகும். 40 ஜிபி சிஸ்டம் வட்டு முடிய 11 நிமிடம் சொச்சம். 2:12-க்கு டேட்டா வட்டின் ஸ்நாப்ஷாட். 2:30-க்கு டம்ப் தொடங்குகிறது. மூன்று நிமிடத்துக்குள் 5 ஜிபி நிரம்புகிறது. 2:12-லிருந்து 2:33 வரை 21 நிமிடம், நொடிக்கு 60 எம்பி என்று பெருக்கினால் 74 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. ஹோஸ்டின் கர்னல் பதிவில், இடம் ஒதுக்க முடியாததால் ஸ்நாப்ஷாட்டைச் செல்லாததாக்குவதாக டிவைஸ் மேப்பர் எழுதிய வரி, வாரத்தில் ஆறு இரவுகள், 2:33 வாக்கில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டம்ப் ஓடாது. என்ஏஎஸ் பெட்டியில் கோப்புகளை அளவோடு பட்டியலிட்டால் ஆறு சின்ன கோப்புகள், ஒரு பெரிய கோப்பு என்று வாராவாரம் அதே வரிசை. ஞாயிறு இமேஜ் மட்டும் முழுமையானது.

பிழை எங்கே காணாமல் போனது

டிடி அந்த இடத்தில் பிழை சொல்லித்தான் நின்றது. ஆனால் ஷெல்லில் குழாய் போட்டு இணைத்தால், மொத்தத் தொடரின் வெளியேறு எண் கடைசிக் கட்டளையுடையது. கடைசியில் இருந்தது ஜிஜிப். அதன் பார்வையில் உள்ளீடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். வாங்கியதைச் சுருக்கி, ஒழுங்காக முடிவு முத்திரையும் செக்சம்மும் எழுதி, பூஜ்யத்துடன் வெளியேறியது. டிடியின் பிழைச் செய்தியையோ, ஸ்கிரிப்டின் தலையில் யாரோ எதையும் விழுங்கிவிடும் டெவ்நல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள், கிரான் மெயிலில் தேவையில்லாத வரிகள் வருகிறதென்று.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. இந்த அரைகுறைக் கோப்பை ஜிஜிப்பின் சோதனைத் தெரிவில் ஓட்டினால் தேறிவிடும். செக்சம் சரியாக இருக்கும், ஏனென்றால் அது வந்து சேர்ந்த பைட்டுகளின் செக்சம். வந்திருக்க வேண்டியவற்றின் செக்சம் அல்ல. பேக்கப் கோப்பைச் சோதித்தோம், கெடவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையைத்தான் செய்திருப்பார்கள். கோப்பு கெடவில்லை, உண்மை. வட்டு அதில் முழுதாக இல்லை. 1.12-க்கு முந்தைய பதிப்புகளில் ஜிஜிப்பின் பட்டியல் தெரிவும் உதவாது. அந்தக் கோப்பு வடிவம் மூல அளவை 32 பிட்டில் சேமிக்கிறது. 4 ஜிபியைத் தாண்டினால் எண் சுற்றி வந்துவிடும்.

நல்லவேளையாக அந்த டிடி வரியில் பிழையைப் பொருட்படுத்தாதே, விட்ட இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பு என்று சொல்லும் நோஎரர், சிங்க் ஜோடி இல்லை. பழுதான வட்டிலிருந்து எஞ்சியதைக் காப்பாற்றும்போது கைகொடுக்கும் தெரிவு அது. பேக்கப் ஸ்கிரிப்ட்களிலும் அதை அடிக்கடி பார்க்கிறேன், எங்கிருந்தோ ஒட்டப்பட்டு. இங்கே இருந்திருந்தால் 74 ஜிபிக்கு அப்புறம் வெறும் பூஜ்யங்களாக, மொத்தம் சரியாக 200 ஜிபி அளவுள்ள ஒரு இமேஜ் கிடைத்திருக்கும். அளவை ஒப்பிட்டுப் பார்ப்பவரும் ஏமாந்திருப்பார். உங்கள் பேக்கப் ஸ்கிரிப்டில் அந்த ஜோடி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் தளத்தில் முதன்மை டேட்டாபேஸின் தரவு அடைவு தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தினசரி டம்ப் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. டம்ப் எடுக்கும் கருவி போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மெயில்களும் டிஜிட்டல் கையெழுத்துச் சிக்கலால் நிராகரிக்கப்பட்டுவிட்டன. அவர்களைக் காப்பாற்றியது, சோதனைச் சூழலுக்காக ஒருவர் சுமார் ஆறு மணி நேரம் முன்னால் கையால் எடுத்திருந்த ஒரு எல்விஎம் ஸ்நாப்ஷாட். நடந்ததை அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். ஸ்நாப்ஷாட் அங்கே காப்பாற்றியது, இங்கே ஏமாற்றியது. இரண்டு இடத்திலும் உண்மையான குறை, தோல்விச் செய்தி ஒரு மனிதரிடம் போய்ச் சேராததுதான்.

ஹோஸ்டுக்குத் தெரியாத கோப்பு முறை

அளவுப் பிரச்சினையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய ஸ்கிரிப்டில் இன்னொரு ஆழமான குறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இமேஜிலும் அது உண்டு.

ஹோஸ்ட் தானே மவுன்ட் செய்திருக்கும் வால்யூமுக்கு ஸ்நாப்ஷாட் எடுத்தால், கர்னல் அந்தக் கோப்பு முறையை ஒரு கணம் உறையவைத்து, நினைவகத்தில் காத்திருப்பதை வட்டில் இறக்கிவிட்டு, சுத்தமான நிலையில் எடுத்துத் தரும். இந்த வசதியைப் பற்றிப் படித்தவர்கள் மெய்நிகர் வட்டுக்கும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். நடக்காது. கெஸ்டுக்குள் இருக்கும் இஎக்ஸ்டி4 ஹோஸ்டின் கண்ணுக்கு வெறும் பைட் வரிசை. கெஸ்டின் நினைவகத்தில் இன்னும் எழுதப்படாமல் இருப்பதைப் பற்றி ஹோஸ்டுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஸ்நாப்ஷாட்டிலிருந்து எழும் கணினி, ஓடும்போதே மின்கம்பியைப் பிடுங்கிப் பிறகு போட்டது போன்ற நிலையில் எழும். ஜர்னல் உள்ள கோப்பு முறையும் இன்னோடிபி மாதிரியான டேட்டாபேஸ் எஞ்சினும் அதிலிருந்து மீளத் தெரிந்தவைதான். ஆனால் ஒரு நிபந்தனை: எல்லாத் துண்டுகளும் ஒரே கணத்துக்குரியவையாக இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனைதான் இங்கே மீறப்பட்டிருந்தது. சிஸ்டம் வட்டு 2:00 மணி நிலை, டேட்டா வட்டு 2:12 நிலை. இங்கே ஓடும் டேட்டாபேஸான மரியாடிபியின் டேட்டாவும், மாற்றங்களை முதலில் பதியும் ரீடூ லாகும் இரண்டும் டேட்டா வட்டில் இருந்ததால் பிழைத்தார்கள். யாராவது ரீடூ லாகை மட்டும் வேகத்துக்காக வேறு வட்டுக்கு நகர்த்தியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை இமேஜும் நம்ப முடியாததாகியிருக்கும்.

தீர்வு கெஸ்டுக்குள்ளேதான் இருக்கிறது. உள்ளேயிருந்து ஹோஸ்டின் கட்டளைகளைக் கேட்கும் கியூஇஎம்யு கெஸ்ட் ஏஜென்ட்டை நிறுவி, கெஸ்டின் எக்ஸ்எம்எல் வரையறையில் அதற்கான சேனலைச் சேர்த்துவிட்டால், ஹோஸ்டிலிருந்து லிப்வர்ட்டின் கட்டளையான விர்ஷ் மூலம் டொம்எஃப்எஸ்ஃப்ரீஸ் சொன்னதும் கெஸ்ட் தன் கோப்பு முறைகள் அனைத்தையும் உறையவைக்கும். டொம்எஃப்எஸ்தா சொன்னால் விடுவிக்கும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கணினியின் எல்லா வட்டுகளுக்கும் ஸ்நாப்ஷாட்கள். ஸ்நாப்ஷாட் எடுப்பது வேகமானது என்பதால் உறைந்திருக்கும் நேரம் ஓரிரு நொடிதான். நகலெடுப்பு எல்லாம் விடுவித்த பிறகு. விண்டோஸ் கெஸ்ட் என்றால் ஏஜென்ட் அதே வேலையை விண்டோஸின் ஸ்நாப்ஷாட் சேவையான விஎஸ்எஸ் வழியாகச் செய்யும். அங்கே எழுதுவதை நிறுத்திவைக்க 10 நொடி வரம்பு உண்டு. உறைந்த நிலையில் ஸ்கிரிப்ட் வேறு எதையும் செய்யக் கூடாது என்பதற்கு அது இன்னொரு காரணம்.

உறையவைக்கும்போதும் விடுவிக்கும்போதும் ஏஜென்ட் ஓட்டும் ஃப்ரீஸ் ஹூக்கில் மரியாடிபிக்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்தோம். இன்னோடிபி அட்டவணைகளுக்கு இது கட்டாயமில்லை. ஆனால் பழைய மைஐஎஸ்ஏஎம் அட்டவணைகள் சில இருந்தன, அவற்றுக்குப் படிப்புப் பூட்டு வேண்டும். இந்தப் பூட்டில் பலர் கோட்டை விடுகிறார்கள். பூட்டைப் போட்ட டேட்டாபேஸ் இணைப்பு திறந்திருக்கும் வரைதான் பூட்டு நிற்கும். கட்டளையை ஓட்டிவிட்டு ஹூக் வெளியேறினால் இணைப்பு மூடும், பூட்டும் போய்விடும். இணைப்பைப் பின்னணியில் திறந்தே வைத்திருந்து, விடுவிக்கும் முறை வரும்போது மூட வேண்டும்.

புதிய ஸ்கிரிப்ட்

எழுதும்போது வைத்துக்கொண்ட கொள்கை ஒன்றே: முடிந்தது என்ற சொல்லை ஸ்கிரிப்ட் நிரூபித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எஃப்லாக் மூலம் ஒரு பூட்டு. நேற்றைய ஓட்டம் முடியாமல் இருக்கும்போது இன்றையது அதன்மேல் ஏறக்கூடாது. தலையில் பைப்ஃபெயில்: குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வி. வட்டுப் பட்டியலைக் கையால் எழுதுவதை விட்டுவிட்டோம். ஒவ்வொரு கெஸ்டின் வட்டுகளையும் விர்ஷ் டொம்பிஎல்கேலிஸ்ட்டிடமே கேட்டு வாங்குகிறது. ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு வட்டைச் சேர்த்தால் அது பேக்கப்பில் தானாக வந்துவிடும். கூடவே கெஸ்டின் எக்ஸ்எம்எல் வரையறையும், யுஇஎஃப்ஐ கெஸ்டாக இருந்தால் என்விராம் கோப்பும் நகலாகின்றன. ஹோஸ்டே போய்விட்டால் வட்டு இமேஜ் மட்டும் கையில் இருந்து, எத்தனை சிபியு, எந்த வட்டு எந்தப் பெயரில், எந்த மேக் முகவரி என்று நினைவிலிருந்து தேட முடியாது.

பிறகு ஏஜென்ட்டைத் தட்டிப் பார்க்கிறது. பதில் வந்தால் உறையவைக்கிறது. வராவிட்டால் பேக்கப்பைக் கைவிடுவதில்லை. உறையவைக்காமல் எடுத்து, அறிக்கையில் அப்படி என்று குறித்துவிடுகிறது. மின்வெட்டு நிலை இமேஜாவது இருப்பது, ஒன்றுமே இல்லாததைவிட மேல்.

இந்த ஸ்கிரிப்டிலேயே ஆபத்தான இடம் உறைந்த நிலைதான். இடையில் எல்விகிரியேட் தோற்று ஸ்கிரிப்ட் செத்துப்போனால், கெஸ்டுக்குள் எழுத முயலும் எல்லாம் அப்படியே காத்துக்கிடக்கும். பார்ப்பவருக்கு சர்வர் தொங்கிவிட்டது போலத்தான் தெரியும். அதனால் ட்ராப் (ஸ்கிரிப்ட் வெளியேறும்போது ஓட வேண்டிய வரி) முதலில், உறையவைப்பது அப்புறம். எந்த வழியில் வெளியேறினாலும் முதல் வேலை விடுவிப்பது. உறையவைக்கும் கட்டளைக்கு நேர வரம்பு வைத்திருக்கிறோம். வரம்பு தாண்டித் தோற்றதாகச் சொன்னாலும் உள்ளே உறைந்தே இருக்கலாம் என்பதால், அப்போதும் விடுவிக்கும் கட்டளை போகும். தேவையில்லாமல் விடுவிப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை.

நகலெடுப்பில் டிடி 4 எம்பி துண்டுகளாக, பேஜ் கேஷைத் தொடாத நேரடி முறையில் படிக்கிறது. இல்லாவிட்டால் 200 ஜிபி படிப்பதில் ஹோஸ்டின் கேஷ் முழுவதும் ஒரு தடவை புரண்டுவிடும். ஜிஜிப்புக்குப் பதில் பல இழைகளில் ஓடும் இசட்ஸ்டாண்டர்டு. இப்போது தடை 1 ஜிகாபிட் நெட்வொர்க்தான். நொடிக்கு 110 எம்பி வாக்கில் சுருக்கிய தரவு போகிறது. வேகம் என்பது இங்கே வெறும் சௌகரியம் இல்லை. ஸ்நாப்ஷாட்டின் ஆயுள் எவ்வளவு குறைகிறதோ, அது நிரம்பும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

கோப்பு முதலில் தற்காலிகப் பெயரில்தான் எழுதப்படுகிறது. டிடியும் சுருக்கியும் இரண்டுமே பூஜ்யத்துடன் வெளியேறினவா, நகல் முடிந்த பின்னும் ஸ்நாப்ஷாட் செல்லுபடியாக இருப்பதாக எல்விஎஸ் சொல்கிறதா, என்ஏஎஸ்ஸில் இருக்கும் கோப்பை விரித்து எண்ணிய பைட்டுகள் பிளாக்டெவ் சொன்ன வட்டின் அளவுக்கு ஒரு பைட் கூடக்குறைய இல்லாமல் பொருந்துகிறதா: மூன்றும் தேறினால்தான் கோப்புக்கு நிரந்தரப் பெயர். பழைய இமேஜ்களை அழிப்பதும் அதற்குப் பிறகே. புதியது தோற்ற இரவில் பழையது அழியாது.

ஸ்நாப்ஷாட்டை நீக்கும் வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்காமல் நீக்கு என்ற தெரிவோடு எல்விரிமூவ் ஓடுகிறது. ஒரு மாறி காலியாக இருந்தாலோ பெயரின் ஒட்டு விட்டுப்போனாலோ மூல வட்டே போய்விடும்; அப்படி எழுதிய ஸ்கிரிப்ட்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எல்விஎம்மில் டேக் என்றொரு வசதி இருக்கிறது. ஸ்நாப்ஷாட்டை உருவாக்கும்போதே ஒரு டேக்கைச் சேர்த்துவிடுகிறோம். நீக்கும்போது பெயரைச் சொல்வதில்லை, டேக்கைச் சொல்கிறோம். மூல வட்டுகளில் அந்த டேக் இல்லை, ஆகவே எந்த எழுத்துப் பிழையாலும் அவை நீங்காது. ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் அதே டேக்கோடு நேற்றிலிருந்து ஏதாவது எஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்கிறது. மறந்துபோன ஸ்நாப்ஷாட் சும்மா கிடப்பதில்லை. அது இருக்கும் வரை மூல வட்டின் ஒவ்வொரு புதிய துண்டும் எழுதப்படும்போது பழையதை நகர்த்தும் வேலை நடந்துகொண்டே இருக்கும். இரண்டு கிடந்தால் இரண்டுக்கும் நகர்த்த வேண்டும். ‘சர்வர் கொஞ்ச நாளாக மந்தமாக இருக்கிறது’ என்ற புகாரின் அடியில் இப்படி மறந்துபோன ஸ்நாப்ஷாட்களை வேறு இடங்களிலும் கண்டிருக்கிறேன்.

எவ்வளவு இடம் ஒதுக்குவது

பழைய 5 ஜிபி எங்கிருந்து வந்தது? வால்யூம் குரூப்பில் அவ்வளவுதான் மிச்சம் வைத்திருந்தார்கள், மற்றதெல்லாம் கெஸ்ட்களுக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. மாற்றத்தின்போது, யாரும் பயன்படுத்தாத ஒரு சோதனைக் கணினியின் 120 ஜிபி வால்யூமைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோகாமல், அந்த அளவு இடத்தைக் காலியாகவே விட்டோம். எல்விஎம்மில் ஸ்நாப்ஷாட் எடுப்பதாக இருந்தால் குரூப்பில் காலி இடம் வைப்பது ஆடம்பரம் அல்ல, அமைப்பின் ஒரு பாகம்.

மேல் வரம்பு எளிது. மூல வட்டு முழுவதும் மாறினாலும் அதன் அளவும், அதற்கு மேல் பதிவேட்டுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதமும் போதும். அவ்வளவு கொடுத்தால் நிரம்பவே முடியாது. சிறிய வட்டுகளுக்கு அப்படியே கொடுத்துவிடலாம், யோசிக்க வேண்டாம். 200 ஜிபிக்கு அது முடியாது. எனவே அளந்தோம். நீக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டும் எத்தனை சதவீதம் நிரம்பியது என்பதை ஸ்கிரிப்ட் இரவுதோறும் பதிகிறது. அந்த எண்களைக் கொஞ்ச காலம் பார்த்தபின் டேட்டா வட்டுக்கு 40 ஜிபி என்று வைத்தோம். பாதியைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், தோற்பதற்கு வெகு முன்னாலேயே.

கூடவே டம்ப்பின் நேரத்தை இரவு 11-க்கு மாற்றச் சொன்னோம். நெரிசல் போனது ஒரு லாபம். டம்ப் கோப்பே இமேஜுக்குள் முழுமையாக வந்து சேர்வது அதைவிடப் பெரிய லாபம். இமேஜிலிருந்து டேட்டாபேஸ் எழாமல் போனாலும் உள்ளே இருக்கும் டம்ப்பிலிருந்து மீளலாம்.

எல்விஎம் அமைப்புக் கோப்பில் ஸ்நாப்ஷாட்டைத் தானாக நீட்டிக்கும் வசதி இருக்கிறது. எத்தனை சதவீதத்தில் நீட்டத் தொடங்குவது என்ற எண் ஆரம்பத்தில் 100, அதாவது வசதி அணைந்திருக்கும். 70 என்று மாற்றினோம். ஆனால் அதையே நம்பி இருக்கக் கூடாது. கண்காணிக்கும் டெமன் நிலையை இடைவெளி விட்டுத்தான் பார்க்கிறது, எழுத்து வேகமாகப் பாய்ந்தால் அது நீட்டுவதற்குள் நிரம்பிவிடலாம்.

எல்லா வால்யூம்களும் ஒரே பொது இடத்திலிருந்து தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் தின் பூல் முறைக்கு மாறினால் இந்த அளவுத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். அதில் ஸ்நாப்ஷாட்டுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டாம், எழுத்து வேகமும் அவ்வளவு அடிபடாது. ஆனால் அங்கே பூல் நிரம்பினால் அடிபடுவது ஸ்நாப்ஷாட் அல்ல, அந்தப் பூலில் இருக்கும் எல்லா கெஸ்ட்களும். பழைய பாணியில் நிரம்பினால் ஓர் இரவின் பேக்கப் மட்டும் போகும். முழுநேரமும் கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் நான் பழைய பாணியைத்தான் தேர்வேன். கியூஇஎம்யுவே தரும் பேக்கப் வசதி வேறு ஒரு பாதை. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தளமான ப்ராக்ஸ்மாக்ஸ் 2013-ல் வந்த 2.3 பதிப்பில் மெய்நிகர் கணினிகளுக்கு அந்தப் பக்கம் போனது. அறுபது எழுபது கெஸ்ட் உள்ள இடத்துக்கு அதுவே சரி. ஐந்து கெஸ்டுக்கு, ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஸ்கிரிப்டுக்குத் தனி மதிப்பு உண்டு.

எழுப்பிப் பார்ப்பது

இப்போது வாரம் ஒரு கெஸ்ட், முறை வைத்து. இமேஜைக் காலியாக உள்ள ஒரு வால்யூமில் விரித்து, பதிந்துவைத்த எக்ஸ்எம்எல்லில் பெயரையும் யுயுஐடியையும் மாற்றி, வெளியே எங்கும் இணைக்கப்படாத நெட்வொர்க்கில் எழுப்புகிறோம். வெளி நெட்வொர்க்கில் எழுப்பினால் அதே ஐபி முகவரியில் இரண்டு கணினிகள் நிற்கும். ஏஜென்ட் பதில் சொன்னால் பூட் ஆகிவிட்டது என்று அர்த்தம். டேட்டாபேஸ் கணினிக்கு அதோடு அட்டவணைச் சோதனையும், கடைசிப் பில்லின் தேதி பேக்கப் நாளோடு பொருந்துகிறதா என்ற ஒரு கேள்வியும். அந்தக் கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மா. ‘எழுந்துவிட்டது சரி, எந்தத் தேதி வரைக்கும் இருக்கிறது என்று பார்த்தீர்களா?’ என்று கேட்டார். எங்கள் சோதனைகள் எல்லாவற்றையும்விடத் துல்லியமான கேள்வி அது.

ஒரே ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றால் முழுக் கணினியையும் எழுப்ப வேண்டாம். விரித்த வால்யூமில் கேபார்ட்எக்ஸ் ஓட்டினால் உள்ளே இருக்கும் பார்ட்டிஷன்கள் தனித்தனியாகத் தெரியும், படிப்பு மட்டும் என்று மவுன்ட் செய்துகொள்ளலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால், அதே யுயுஐடி உள்ள மூல வட்டும் அந்த ஹோஸ்டிலேயே மவுன்ட் ஆகியிருந்தால் மறுக்கும்; நோயுயுஐடி தெரிவைச் சேர்க்க வேண்டும்.

மெயில் முறையும் மாறியிருக்கிறது. வெற்றிக்கு மெயில் கிடையாது. ஸ்கிரிப்ட் எல்லாச் சோதனையும் தேறினால் ஒரு குறிப்புக் கோப்பின் நேரத்தைப் புதுப்பிக்கும். வேறொரு கணினியில் ஓடும் கண்காணிப்பு அந்த நேரம் 26 மணியைத் தாண்டினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை, கிரான் நின்றுவிட்டது, ஹோஸ்டே அணைந்துவிட்டது என்ற நிலைகளும் இதில் அகப்படும்.

இன்னும் பாக்கி இருப்பது வேறோர் இடத்தில் வைக்கும் நகல். ஹோஸ்டும் என்ஏஎஸ் பெட்டியும் ஒரே அறையில் இருக்கின்றன. நாளுக்கு நாள் மாறாத பகுதிகளைத் திரும்ப அனுப்பாத ‘போர்க்’ (Borg) என்ற பேக்கப் கருவியை ஸ்நாப்ஷாட்டின் மேலேயே ஓட்டி, கிளை அலுவலகத்துக்கு இரவில் அனுப்பிப் பார்க்கும் வேலை இப்போது நடக்கிறது. முதல் நகலை மட்டும் ஒரு வெளி வட்டில் எடுத்துக் கையோடு கொண்டுபோய் வைத்தாயிற்று.